துரை மறுத்த இடம்

ஜனவரி 11, ஞாயிறு

இன்று துரை என்னைக் கூட்டிக்கொண்டுபோய் பஸ் தரிப்பிடத்துக் கம்பத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார். என் வலது தோளும் கம்பமும் கைகுலுக்கிக்கொண்டன. கம்பத்துக்குக் காயம் ஒன்றுமில்லை.

இது பழிவாங்கல். நேற்று நான் அவருக்கு ஒரு புளித் தேசிக்காய்த் துண்டை நக்கக் கொடுத்திருந்தேன்.

இதைக் களவாக வாசிக்க நினைக்கும் கஜன் அண்ணாவுக்கு ஒரு தகவல்: இது பிரெயில். உனக்கு இது நுளம்பு கடித்துத் தடித்த தாள். தற்செயலாகக் கண்டெடுக்கும் அந்நியர்களுக்கு: நான் சாருகா. பதினேழு முடிந்து பதினெட்டு நடக்கிறது. கனடாவின் ஸ்காபரோவில், அடுக்குமாடிக் கட்டடத்தில், பதினான்காம் மாடி. பார்வை ஒன்பது வயதுக்குள் போனது. காதின் கேள்வி அதற்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் போனது. ஆனால் கேள்வி கேட்பது மட்டும் போகவில்லை. இரண்டுக்கும் சேர்த்து வாய் வேலை செய்கிறது என்பது அம்மாவின் கருத்து.

அம்மா கதைப்பது என் உள்ளங்கையில். விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவார். கோபம் வந்தால் எழுத்து பெரிதாகி மணிக்கட்டைத் தாண்டும். அண்ணா போனில் தட்டுவான். அது என் இடுப்பில் தொங்கும் சின்னக் கருவியில் புள்ளிகளாக எழும்பும், நான் தடவி வாசிப்பேன். ஆகவே இந்த வீட்டில் நான் ஒரு பெரும்புள்ளி.

துரை என் வழிகாட்டி நாய். மஞ்சள் லாப்ரடோர். பயிற்சிப் பள்ளி வைத்த பெயர் டியூக், நான் தமிழ்ப்படுத்திவிட்டேன். அம்மாவுக்கு நாய் என்றால் பயம், ஆனால் மரியாதை தவற மாட்டார், 'அவர்' என்றுதான் சொல்வார். அதைப் பார்த்து நானும். ஒன்பதரை வயது ஆளுக்கு அந்த மரியாதை தகும்.

ஜனவரி 12, திங்கள்

மற்றத் தோள். குப்பைத் தொட்டி. தேசிக்காய்க் கணக்கு இத்தோடு தீர்ந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பனி. வீதியில் கொட்டும் உப்பு பாதத்தைச் சுடும் என்பதால் துரைக்கு நாலு ரப்பர் சப்பாத்துகள் உண்டு. அதில் ஒன்றை அண்ணாவின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து அனுப்பினேன்.

பின்னேரம் வந்ததும் தட்டினான்: "விசரி. ஒபிசில எல்லாருக்கும் முன்னால நாய்ச் சப்பாத்தை எடுத்து மேசையில வைச்சனான்."

"என்ன கறியோட?"

"பக்கத்தில இருக்கிற மனிசி இது உங்கட ஊர்ச் சாப்பாடோ எண்டு கேக்குது."

இந்த வருடத்தின் வெற்றி இதுவாகத்தான் இருக்கும்.

கைப்பிடியைப் பற்றியும் எழுத வேண்டும். துரையின் முதுகில் ஒரு ஹார்னஸ் பூட்டுவோம், அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி என் இடது கையில். மற்றவர்களுக்கு அது ஒரு வளைந்த கம்பி. எனக்கு வானொலி. அவர் தோளை அசைப்பது, தலையைத் திருப்புவது, ஒரு அணிலைக் கண்டு மனதுக்குள் பாவம் செய்வது, எல்லாம் அதனூடாக வரும். இந்தக் கிழமை முழுக்க வானொலியில் கொஞ்சம் இரைச்சல். படிகளின் முன் நின்று விடுகிறார். பின்னேரம் இருட்டத் தொடங்கினால் ஒவ்வொரு பாதத்தையும் யோசித்து வைக்கிறார்.

நிதானம். பெரிய மனிதர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

ஜனவரி 28, புதன்

பயிற்சியாளர் ஜோசே அடுத்த மாதம் எங்களைப் பரிசோதிக்க வருகிறாராம். ஜோசே கியூபெக்காரி. என்னோடு இங்கிலீஷில்தான் எழுதுவார். நான் இங்கே எழுதும்போது அவரை யாழ்ப்பாணத்தாளாக மாற்றிவிடுவேன். அவருக்குத் தெரியவராது.

பதினொரு வயதில் துரையை எனக்குத் தந்தவர் அவர். முதல் பாடமே வினோதம். ஒரு மேடையின் விளிம்பில் என்னை நிறுத்தி, "போ எண்டு கட்டளை குடு" என்றார். கொடுத்தேன். துரை போகவில்லை. என் முழங்காலுக்குக் குறுக்கே வந்து நின்றார். திரும்பவும் கொடுத்தேன். சுவர் மாதிரி நின்றார். பிறகு ஜோசே எழுதினார்: "சொல்வழி கேக்கிற நாய் எங்கயும் கிடைக்கும். கேக்கக் கூடாத நேரம் கேக்காமல் நிக்கிற நாய்தான் உனக்கு வேணும். அவன் நிண்டால் நீயும் நில்."

இரவுச் சாப்பாட்டில் அண்ணா தொடங்கினான். "துரைக்கு வயசு போட்டுது. ஜோசே ஓய்வு குடுத்திட்டா என்ன செய்வாய்?"

"பென்சன் எடுத்துக் குடுப்பன்."

"பகிடி விடாத."

அம்மா என் கையை எடுத்தார். அவர் விரலில் பருப்பின் ஈரம். "வேலை முடிஞ்சால் அவர் தன்ர ஆக்களிட்டப் போவார். அப்பிடித்தானே கதைச்சனாங்கள்."

அது உண்மை. நாய்க்குப் பயந்த அம்மா, வேலை செய்யும் நாய் என்பதால்தான் வீட்டுக்குள் விட்டார். துரையைக் குட்டியில் வளர்த்த குடும்பம் பீற்றர்பரோவில் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அவரைக் கேட்டு எழுதும். ஜோசே ஓய்வு என்று சொன்னால் துரை அங்கே. எனக்கு ஒரு புது நாய். இரண்டு நாய்க்கு இந்த வீட்டில் இடமில்லை. ஆகவே துரை சித்தியடைந்தால் என்னோடு. இல்லாவிட்டால் இல்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

அண்ணா பின்னேரம் அறைகளுக்கு நடுவேயுள்ள ஓடையில் துரைக்கு ஒரு கோழித்துண்டு எறிந்தானாம்.

"அவனுக்கு முன்னாலதான் விழுந்தது. பாக்கேல்லை. மூக்கால தேடித்தான் பிடிச்சவன்."

"லாப்ரடோருக்கு மூக்குத்தான் முதல்."

"சாரு, கண்ணில வெள்ளையாக் கிடக்கு."

"வெள்ளைக்காரத் துரைக்குக் கண்ணும் வெள்ளையாத்தான் இருக்கும்."

 என் விரலின் கீழே புள்ளிகள் இல்லாத வெறும் தகடு.

இந்த வீட்டில் கண் மருத்துவம் படித்தவர் எவருமில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

பெப்ரவரி 9, திங்கள்

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சலவைக் கடையின் சூடான காற்று காலில் அடிக்கும் இடத்தில் இடப்பக்கம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே குளிர் கன்னத்தில் அறையும் இடத்தில் நேரே. கொங்கிறீற் முடிந்து தார் தொடங்கினால் கடைத்தொகுதியின் வாகன வாசல். அதற்கப்பால் ரோல்ஸ் பொரிக்கும் எண்ணெய் வாசம்.

அதனால் நானும் துரையும் ஒரு புது நடனம் பழகுகிறோம். கைப்பிடியை விரல் நுனியால் துளியளவு உள்ளே அழுத்தினால் அவர் விலக வேண்டும். துளியளவு முன்னே சாய்த்தால் போக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என் கை அசைவது தெரியாது. ஜோசே ஒரு வெளியாள்.

முதல் சில நாட்கள் முரண்டு பிடித்தார். சாய்த்தால் நின்றார். பின்னும் சாய்த்தேன். வந்ததும் ஒரு பிஸ்கட். திரும்ப நின்றார், திரும்பச் சாய்த்தேன், திரும்பப் பிஸ்கட். இப்போது நல்ல பிள்ளையாகக் கேட்கிறார்.

யார் யாரைக் கூட்டிப்போகிறார் என்று கேட்பது அநாகரிகம். கலியாணமான சோடிகளிடம் யாராவது கேட்கிறார்களா.

பெப்ரவரி 14, சனி

காதலர் தினம். எனக்கு ஒரு பூவும் வரவில்லை. ஆனால் துரை இன்று ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை.

பெப்ரவரி 21, சனி

சோதனையில் சித்தி.

ஜோசே காலையிலேயே வந்தார். அதே பெப்பர்மின்ற் வாசம், அதே கரடுமுரடான கையுறை. வேறு பாதையில் போவோமா என்று கேட்டார். குளிருகிறது, எனக்குப் பிடித்த ரோல்ஸ் கடைப் பக்கம் போவோம், உங்களுக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். லஞ்சம் கொடுப்பதில் எங்கள் ஆட்கள் உலகத் தரம்.

நடந்தோம். ஜோசே பின்னால். சலவைக் கடையில் அழுத்தினேன், விலகினார். வாகன வாசலில் சாய்த்தேன், போனார். என் முகத்தில் ஒன்றும் தெரியாதபடி வாயைத் திறந்து அந்தக் கியூபெக்காரிக்குப் பழைய பகிடி ஒன்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடையில் ஜோசே தட்டினார்: "கைப்பிடி உன்ர கையில நல்ல அமைதியாக் கிடக்கு."

"நாங்கள் அமைதியான ஆக்கள்."

"நல்ல சோடி. இன்னும் ஒரு வருசம் ஓடலாம். ஏப்ரலில மிருக வைத்தியரிட்ட ஒருக்காக் காட்டு."

ரோல்ஸ் உறைப்பில் அவருக்கு மூக்கு ஒழுகியதாக, கடைக்கு வந்து சேர்ந்த அண்ணா பிறகு சொன்னான். துரைக்கும் உள்ளேயிருந்த ஒரு துண்டு கிடைத்தது. கொண்டாட்டம் என்றால் கொண்டாட்டம்.

பெப்ரவரி 22, ஞாயிறு

சித்தியடைந்தவர் நாள் முழுக்க நித்திரை. கட்டிலின் ஓரத்தில் இருந்து காலால் அவர் மூச்சைத் தொட்டுக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வான் இடித்தது. ஆகாயம் அல்ல, வாகனம். துரை உயிரோடு. என் இடது மணிக்கட்டு வீக்கம், ஒற்றைக் கையால் பிரெயில் அடிப்பது பெரும்பாடு. மிச்சம் பிறகு.

மார்ச் 8, ஞாயிறு

கடைத்தொகுதியின் வாகன வாசல். பக்கத்தில் பனியை வழித்துக் குவித்திருந்தார்கள். துரை நின்றார். போ என்று கைகாட்டினேன். நின்றார். குவியலைக் கண்டு குழம்புகிறார் என்று நினைத்தேன். கைப்பிடியைச் சாய்த்தேன்.

வந்தார்.

முகத்தில் புகை சுட்டது. அடுத்த கணம் கைப்பிடி என் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் விழுந்தேன். ஈர உப்பில் தடவித் தடவி, ஒரு காது கிடைத்தது, பிறகு கழுத்து, பிறகு ஏறி இறங்கும் விலா. யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. யாரென்று தெரியாத அந்தக் கைகள் கொஞ்ச நேரத்தில் தூக்குவதை நிறுத்தி, என் முதுகில் ஒரு கோட்டைப் போர்த்திவிட்டன. பொக்கெற்றில் இருந்த என் போனில் அண்ணாவைக் கூப்பிட்டதும் அவர்கள்தான்.

அண்ணா வந்து தட்டினான்: "உயிரோட இருக்கிறான். கையை எடு சாரு, இடுப்பைப் பாக்க வேணும்."

எலும்பு முறியவில்லை என்று மிருக வைத்தியர் சொன்னார். அடிபட்ட இடம் வீங்கியிருக்கிறது. கண்ணையும் பார்த்தார். இரண்டிலும் புகைச்சல், மங்கலாக நிழல் தெரியலாம், அவ்வளவுதான் என்றார்.

வீட்டில் அம்மாவிடம், "வான்காரன் பாக்காமல் பின்னுக்கு எடுத்தவன்" என்றேன். அம்மா வான்காரனின் பரம்பரையையே என் கையில் எழுதித் திட்டினார். எழுத்து முழங்கைவரை போனது. நான் ஓம் ஓம் என்றேன்.

அம்மா சமைக்கக் குசினிக்குப் போனதும் அண்ணா தட்டினான். மெதுவாக வந்தது, சொல் சொல்லாக.

"வான்காரன் கண்ணாடியில பாத்தவனாம். நாய் நிண்டதாம். நிக்கினம், வரமாட்டினம் எண்டு நினைச்சுத்தான் எடுத்தவனாம். அந்தப் பிள்ளைதான் நாயைத் தள்ளிக்கொண்டு வந்தது எண்டு சொன்னவன்."

"கண் தெரியாத நாய் வான் வாறதை எப்பிடிக் கண்டது?"

"காது இருக்கே, விசரி. அவனுக்குக் காது இருக்கு."

கோபத்தில் அவன் விசரி என்று தட்டவில்லை. அது புள்ளிகளில் தெரியாது. எனக்குத் தெரியும்.

கண் போன பிறகும் அவர் காதால் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நில் என்று சொன்னார். இரண்டு தரம் சொன்னார். நிற்பதை மறக்கச் சொல்லி மாதம் முழுக்க பிஸ்கட் கொடுத்தது நான்.

மார்ச் 9, திங்கள்

ஜோசேக்கு எழுதினேன். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை. அதனால் நாலு வரிதான் வந்தது.

அம்மாவிடமும் சொன்னேன். என் வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கை நோகுதோ" என்று மட்டும்.

மார்ச் 13, வெள்ளி

ஜோசே வந்து சப்பாத்தைக் கழற்றியதும் ஹார்னஸைக் கேட்டார். துரைக்குப் பூட்டவில்லை. மார்பு வாரைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை என்னிடம் தந்தார். "செய்து காட்டு."

அழுத்தினேன். சாய்த்தேன். மறுபக்கத்தில் அவர் கை விலகியது, பிறகு முன்னே வந்தது. திரும்பவும் காட்டச் சொன்னார். காட்டினேன். அதன்பின் கைப்பிடி அசையாமல் இருந்தது.

"உன்ர கை சும்மா கிடக்கிறதை அண்டைக்குக் கண்டனான்" என்று தட்டினார். "நல்ல சோடியெண்டு நினைச்சிட்டன். நானும் பிழை."

"கோவமோ?"

"உன்னில, என்னில. அவனில இல்லை."

"நிக்கிறதுக்குத் திருப்பிப் பழக்கலாம்தானே. நான் பழக்குவன். நான்தானே கெடுத்தனான்."

"கண் திரும்பி வராது, சாருகா."

ஓய்வு. மாதக் கடைசியில் பீற்றர்பரோ. கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். பை மூடும் அதிர்வு மேசை வழியாக வந்தது.

ஜோசே போனபின் அம்மா என் பக்கத்தில் இருந்தார். எழுத்து இவ்வளவு சின்னதாக அவர் என்றும் எழுதியதில்லை.

"அவர் இஞ்சயே இருக்கட்டும்."

"புது நாய் வந்தால்?"

"ரெண்டு பேரும் இருக்கட்டும்."

"உங்களுக்குப் பயம்."

"பயப்பிட்டுப் பழகிட்டன்."

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்ததில் அவர் கைத் தேநீர் என் காற்சட்டையில். சுட்டது. பரவாயில்லை.

மார்ச் 20, வெள்ளி

துரை ஓய்வு பெற்றுவிட்டார். துரைக்கு மட்டும் அது அறிவிக்கப்படவில்லை.

நான் எழும்பினால் எழும்புகிறார். குளியலறைக்குப் போனால் எனக்கு முன்னே போய் வாசலில் குறுக்கே நிற்கிறார். இருட்டு ஓடையில் எனக்கு வழிகாட்ட விழுந்தடித்துப் போய்ச் சுவரில் முட்டுகிறார். அந்த முட்டல் நிலம் வழியாக என் காலுக்கு வருகிறது. உடனே திரும்பி வந்து என் இடப்பக்கம் நிற்கிறார், நான் சரியா என்று பார்க்க. நேற்று அவர்மேல் தடுக்கி விழுந்தேன். என் முகத்தை நக்கினார். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் வெள்ளைத்தடியோடு பள்ளிக்குப் போனால் நான் வரும்வரை கதவடியில் நிற்கிறாராம். படுப்பதில்லை. அம்மா இறைச்சிச் சாறு ஊற்றிய சோற்றைக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்துப் பார்த்தாராம். நாய்க்குப் பயந்த அம்மா. "மணந்துகூடப் பாக்கேல்லை அவர். கதவைத்தான் பாக்கிறார்."

இன்று பள்ளியால் வந்து கதவைத் திறந்ததும் அவருடைய மூக்கு என் கையில் முட்டியது. இடுப்பைத் தடவினேன். பின்னங்கால் இறுகி, கல்லாகக் கிடந்தது. நின்று நின்று.

கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தேன்.

"அவர் பீற்றர்பரோவுக்குப் போகட்டும்."

அம்மா உள்ளங்கையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். பெரிதாக. பிறகு: "நீதானே வேணுமெண்டு நிண்டனி."

"ஓம். நான் இருக்கிற வீட்டில அவர் படுக்க மாட்டார், அம்மா."

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடிவிட்டார்.

மார்ச் 28, சனி

அண்ணா கார் ஓட்டினான். பின் சீற்றில் நானும் துரையும், நடுவில் அம்மா. துரையின் தலை அம்மாவின் மடியில் இருந்ததை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அம்மாவின் மடியில் கைவைத்து மிக்ஸர் பை தேடினேன், காது கிடைத்தது. அம்மாவின் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. 

பீற்றர்பரோ வீட்டுக்காரர் ஒரு வயதான தம்பதி. கைகள் பெரிய, சூடான கைகள். வீட்டுக்குப் பின்னால் வேலி போட்ட வளவு. பனி பாதி கரைந்து, காலடியில் சேறும் நொறுங்கலும். துரையைக் குட்டியில் வளர்த்தது இங்கேதான். அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்டேன். மூக்குக்கு ஞாபகம் இருக்கும் என்று அந்த மனுஷி அண்ணாவின் போனில் தட்டினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, பிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

வளவின் நடுவில் நின்று கழுத்து வாரிலிருந்து கயிற்றைக் கழற்றினேன். "போங்கோ" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது.

அவர் போகவில்லை. என் இடது முழங்காலோடு ஒட்டி நின்றார். அந்தப் பாரம் எனக்கு நன்றாகத் தெரிந்த பாரம். காலால் மெல்ல ஒதுக்கினால் போயிருப்பார், சொல்வழி கேட்கப் பழகிய ஆள். ஒதுக்கவில்லை. நின்றேன். சப்பாத்துக்குள் பனித்தண்ணீர் ஏறியது. அம்மா என் தோளில் கைவைத்தார், பிறகு எடுத்துவிட்டார். அவரும் நிற்கிறார் என்று தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முழங்காலில் இருந்த சூடு ஒரு தடவை விலகியது, திரும்ப வந்தது. பிறகு விலகியது. திரும்ப வரவில்லை.

இடுப்பிலிருந்த கருவி அதிர்ந்தது. அண்ணா.

"அவன் என்ன செய்யிறான் எண்டு சொல்லட்டோ?"

"வேண்டாம்."

கையுறையைக் கழற்றிக் கையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினேன். காற்றில் ஈர மண் வாசம். கொஞ்சம் பொறுத்து, "சரி, சொல்லு" என்றேன்.

"மூக்கை வைச்சு மரத்தை மணக்கிறான்."

ஹார்னஸ் போட்ட இத்தனை வருடத்தில் ஒரு மரத்தையும் மணக்க அவருக்கு அனுமதி இருந்ததில்லை.

"பிறகு?"

"இன்னும் அதே மரம்தான்."

"பிறகு?"

"பொறு," என்று தட்டினான். புள்ளிகள் அடங்கின. நான் தகட்டின்மேல் விரலை வைத்தபடி நின்றேன். பிறகு எழும்பின.

"இப்ப அடுத்த மரம்."